டர்போ பெட்ரோல் காருக்கு மாற்று டைவர்ட்டர் வால்வு: பார்த்து வாங்க, சரியாக மாட்ட

ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கும்போது டர்போ அழுத்தும் காற்று, அதைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குள் போகிறது. கியர் மாற்றக் காலை எடுத்ததும் எஞ்சினின் காற்றுக் கதவான திராட்டில் மூடிக்கொள்ளும். டர்போ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். போக வழியில்லாத காற்று திரும்பி வந்து கம்ப்ரசர் சக்கரத்தில் மோதும். ‘சுட்டுடுடு’ என்று படபடக்கும் சத்தம் அதுதான். அந்தக் காற்றுக்கு வழி திறந்துவிடுவது டைவர்ட்டர் வால்வின் வேலை.

டீசல் கார் வைத்திருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சின் போல திராட்டில் காற்றை அடைப்பதில்லை; இந்த வால்வுக்கு அங்கே வேலையே இல்லை. டீசலுக்கென்று விற்கும் கிட் எல்லாம் சத்தத்துக்குத்தான்.

படி 1: கெட்டது வால்வுதானா?

பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) ஏறவில்லை, மிதித்தால் ‘உஸ்’ என்ற கசிவுச் சத்தம், ஸ்கேனரில் பி0299 என்ற கோளாறு எண். வால்வு கிழிந்தாலும் இப்படித்தான், இன்டர்கூலர் ஹோஸ் கழன்றாலும் இப்படித்தான். அதனால் ஹோஸ்களை முதலில் பாருங்கள். ஐடிலில் (மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது) சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது வீண். அப்போது அந்தக் குழாய்களில் அழுத்தமே இருக்காது. எஞ்சினை அணைத்து, டர்போவின் காற்று நுழைவாயை அடைப்பானால் மூடி, வெளியிலிருந்து ஏர் கம்ப்ரசரால் 10 பிஎஸ்ஐ வரை ஏற்றிவிட்டுத் தெளித்தால் கசியும் இடத்தில் குமிழி வரும்.

பி0033 வந்தால் வால்வின் மின் இணைப்பையோ காயிலையோ (மின்சுருளையோ) சந்தேகியுங்கள். பி2261 என்றால் வால்வே ஒட்டிக்கொண்டிருக்கலாம். பி0234, அதாவது பூஸ்ட் எல்லை மீறுவது, இந்த வால்வின் குற்றமல்ல. வேஸ்ட்கேட் பக்கம் போங்கள். அது எக்ஸாஸ்ட் வாயுவைத் திருப்பிவிடும் வேறொரு கதவு. கடையில் இரண்டையும் குழப்பி வாங்கி வருபவர்கள் உண்டு.

படி 2: வேக்குவமா, மின்சாரமா?

வால்வின் தலையில் மெல்லிய ரப்பர் டியூப் மாட்டியிருந்தால் வேக்குவம் வகை, அதாவது எஞ்சினின் உறிஞ்சலால் திறப்பது. வயர் சாக்கெட் இருந்தால் மின்சார வகை.

வேக்குவம் வகையைச் சோதிக்க, கழற்றி பிஸ்டனை விரலால் உள்ளே தள்ளுங்கள். தள்ளியபடியே மேல் நிப்பிளைக் கட்டைவிரலால் அடைத்துவிட்டு, பிஸ்டனை விடுங்கள். உள்ளே இருக்கும் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) நன்றாக இருந்தால் உள்ளேயே நிற்கும். மெதுவாக வெளியே வந்தால் கிழிசல். மின்சார வகைக்கு 12 வோல்ட் கொடுத்தால் ‘டக்’ என்று இழுக்க வேண்டும். இழுத்தாலும் ரப்பரின் விளிம்பைச் சுற்றிக் கண்ணால் பாருங்கள். காயில் வேலை செய்துகொண்டே ரப்பர் கிழிந்திருப்பது சாதாரணம்.

ஃபோக்ஸ்வாகன், ஆடி 2.0 டர்போ எஞ்சின்களில் இது பேர்போன கோளாறு. ஆரம்பகால வால்வுகளின் ரப்பர் டயஃப்ரம் கிழிய, பிறகு 06எச் 145 710 டி என்ற எண்ணில் பிஸ்டன் வகை வந்தது. எண் முழுக்க ஒன்றாக இருந்து கடைசி எழுத்து மட்டும் மாறினாலும் உள்ளே இருக்கும் பொருள் வேறாகலாம். பழைய வால்வில் அச்சிட்ட எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வண்டியின் ஷாசி எண்ணும் கையில் இருக்கட்டும்.

படி 3: காற்றை உள்ளே திருப்புவதா, வெளியே விடுவதா?

தேர்வில் முக்கியமான இடம் இதுதான். ஏர் ஃபில்டர் பெட்டியை ஒட்டி, உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உள்ளே வந்த காற்றை அது ஏற்கெனவே அளந்து இசியூவிடம் (எஞ்சினின் கணினியிடம்) சொல்லிவிட்டது. ‘புஸ்’ என்று வெளியே விட்டாலும் இசியூ அந்தக் காற்றுக்கும் சேர்த்தே பெட்ரோல் ஊற்றும். கியர் மாற்றும்போது திணறல், கரும்புகை, சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணைவது எல்லாம் இதனால் வரும். இந்த வண்டிகளுக்குக் காற்றை டர்போவின் நுழைவுக் குழாய்க்கே திருப்பும் வகைதான் சரி. எஞ்சினின் நுழைவுக் குழாயில் அழுத்தத்தை அளக்கும் எம்ஏபி சென்சாரை மட்டும் நம்பும் வண்டிகள் வெளியே விடும் வகையைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆனால் அதனால் கூடுதல் பவர் எதுவும் வராது.

படி 4: ஸ்பிரிங்

மின்சார வகை என்றால் இதைத் தாண்டிப் போகலாம். வேக்குவம் வகையில், பூஸ்ட் கூடினால் கடினமான ஸ்பிரிங் வேண்டும் என்று சொல்வார்கள். தவறு. முழுதாக மிதிக்கும்போது வால்வுக்குக் கீழே இருக்கும் அழுத்தம்தான் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்) டியூப் வழியாக மேலேயும் வருகிறது. இரண்டும் ஏறக்குறைய சரிக்கட்டிவிடும். ஸ்பிரிங்கைத் தீர்மானிப்பது ஐடில் வேக்குவம். கடல்மட்டத்தில் அது சுமார் 18 முதல் 21 பாதரச அங்குலம். ஊட்டி உயரத்தில் ஆறேழு அங்குலம் குறைந்துவிடும். சென்னையில் இறுக்கி வைத்த வால்வு மலையேறியதும் சரியாகத் திறக்காமல் படபடப்பது இதனால்தான். கேஜ் வைத்து உங்கள் வண்டியின் அளவை எடுத்து, வால்வு தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிட்டு ஸ்பிரிங் வாங்குங்கள்.

படி 5: மாட்டுதல்

டர்போ நன்றாக ஆறட்டும். ஹோஸ் வகையென்றால் எந்த வாய் எந்தக் குழாய்க்கு என்று பெயின்ட்டால் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். டர்போ மேலேயே போல்ட் செய்த வகையென்றால் புது ஓ-ரிங் கட்டாயம்; சிலிகான் பசை தடவாதீர்கள், பிதுங்கி உள்ளே போகும். போல்ட்டுகள் அலுமினியத்தில் ஏறுகின்றன. முதலில் மூன்றையும் கையால் திருகி, சமமாக உட்கார்ந்த பிறகே ஆலன் கீயால் சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்குக்கு இறுக்குங்கள். வேக்குவம் டியூபுக்கு திராட்டிலுக்குப் பின்னால் மேனிஃபோல்டிலிருந்து தனி இணைப்பு வேண்டும். பிரேக் பூஸ்டர் லைனில் டி இணைப்பு போட்டுப் பிரிக்கக்கூடாது. அங்கே உள்ள ஒருவழி வால்வு வேக்குவத்தைப் பிடித்துவைக்கும், டைவர்ட்டர் மூட மறுக்கும்.

படி 6: சோதனை

எஞ்சின் சூடான பிறகு இரண்டாம், மூன்றாம் கியரில் இழுத்துப் பார்த்து, ஸ்கேனரில் இசியூ கேட்கும் பூஸ்டும் கிடைக்கும் பூஸ்டும் ஒட்டிப் போகிறதா என்று கவனியுங்கள். வெளியே விடும் வகை மாட்டியிருந்தால் ஐடிலில் அதன் வாயருகே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பிடியுங்கள். காகிதம் உள்ளே இழுபட்டால் வால்வு முழுதாக மூடவில்லை. ஃபில்டரைத் தாண்டாத தூசிக்காற்று நேரே எஞ்சினுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. ஸ்பிரிங் திருகு இருந்தால் கால் சுற்றாக இறுக்கி, காகிதம் அசையாமல் நின்றதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் இறுக்கினால் மறுபடி படபடப்பு தொடங்கும்.