எம்பர் நாட்களின் ஒருசந்தி: வீட்டில் பிடிக்கும் முறை

தவமுயற்சி தளர்ந்ததும் திருச்சபையின் இன்றைய நெருக்கடிக்கு ஒரு காரணம் என்று நம்பும் பாரம்பரியக் கத்தோலிக்கர் (பழைய இலத்தீன் பூசை முறையைக் கடைப்பிடிப்பவர்கள்), ஆண்டில் நான்கு முறை மும்மூன்று நாளாக வரும் எம்பர் தவ நாட்களில், 1966-இல் கட்டாயம் நீங்கிய ஒருசந்தியை (உணவைக் குறைக்கும் நோன்பை) தாமாகவே பிடிக்கிறார்கள். பிடிக்கத்தான் வேண்டும்.

எம்பர் நாட்கள் எவை? புனித லூசியா திருநாள் (டிசம்பர் 13), தவக்கால முதல் ஞாயிறு, பெந்தகோஸ்தே, திருச்சிலுவை மகிமை (செப்டம்பர் 14) இவற்றுக்கு அடுத்து வரும் புதன், வெள்ளி, சனி. செப்டம்பரில்தான் குழப்பம்: 1962 பூசைப் புத்தகத்தின் நாட்காட்டி அம்மாதத்தின் மூன்றாம் ஞாயிற்றிலிருந்து எண்ணுகிறது. அதனால் 2020-இல் எம்பர் புதன் பழைய கணக்குப்படி செப்டம்பர் 16, புதிய கணக்குப்படி 23. உங்கள் பூசைப் புத்தகம் எதுவோ அதையே பின்பற்றுங்கள்.

1917 திருச்சபைச் சட்டப்படி 21 முதல் 59 வயதுவரை ஒரே முழுச் சாப்பாடு. காலையும் இரவும் கொஞ்சம் கஞ்சி. இரண்டும் சேர்ந்து ஒரு சாப்பாடு ஆகிவிடக்கூடாது. சுத்தபோசனமும் (இறைச்சி விலக்கும்) உண்டு: மீன், முட்டை, பால் ஆகும், கறியும் கறிச்சாறும் ஆகாது. சிக்கன் க்யூப் போட்ட சூப்பில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு.