ஆடு, கோழி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு நாள் இரவு பத்து மணிக்குத் தம்பி ஒருவர் போன் செய்தார். திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, பன்னிரண்டு வெள்ளாடு வாங்கிக் கட்டியிருப்பவர்.

"அண்ணே, மூணு ஆடு படுத்தது எந்திரிக்க மாட்டேங்குது. வயிறு உப்பியிருக்கு. நல்லெண்ணெய் ஊத்தியிருக்கேன்."

"நேத்து பக்கத்துல ஏதும் விசேஷமா?" என்றுதான் முதலில் கேட்டேன். கிரகப்பிரவேச வீட்டில் மிஞ்சிய சோற்றை ஒரு அண்டா நிறையக் கொண்டுவந்து, சாயங்காலம் தொட்டியில் கொட்டியிருக்கிறார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன்.

கொட்டகையில் ஈரம் கூடாது, தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பந்தியில் மிஞ்சிய சோறு

எங்கள் வீட்டில் அன்று சித்தி மகள் கல்யாணம். சோறு வீணாகிறதே என்று அம்மா வருத்தப்பட, நானே இரண்டு அன்னக்கூடை நிறைய அள்ளிப் பட்டியில் வைத்தேன். ஆடுகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு தின்றன. மறுநாள் காலையில் ஐந்து ஆடு அசை போடவில்லை. தலையைத் தொங்கப்போட்டுப் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றன. இடது விலாவுக்குப் பின்னால் கையை வைத்து அழுத்தி ஆட்டினேன். பாதி நிறைந்த குடத்தைக் குலுக்கினால் கேட்குமே, அந்தச் சத்தம். புழுக்கை போடவேண்டிய ஆடு, புளித்த மாவு நாற்றத்தோடு கூழாகக் கழிந்தது. அன்று இரவுக்குள் நான்கு போய்விட்டன. அதில் இரண்டு சினை ஆடு.

ஆட்டின் பெருவயிற்றில் இலை தழையைச் செரிக்கவைக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் இருக்கின்றன. திடீரென்று மாவுச்சத்து குவிந்தால் அவற்றில் ஒருசில வகை மட்டும் வெறித்தனமாகப் பெருகி, லாக்டிக் அமிலத்தை உண்டாக்கிவிடும். மற்றவை செத்துப்போகும், அசை நிற்கும். அமிலம் சேரச் சேர உடம்பிலுள்ள நீரெல்லாம் வயிற்றுக்குள் இறங்கிவிடும். குடம் குலுங்கும் சத்தம் அதனால்தான். வெளியே ஆட்டுக்குக் கண் உள்வாங்கி, தோல் வறண்டுபோகும். வேகாத அரிசியைவிட வெந்த சோறு இன்னும் வேகமாகப் புளிக்கும்.

"நாம திங்கிற சோறுதானே, அது என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஆடு நம்மைப் போல ஒற்றை வயிற்று உயிர் இல்லை. அன்போடு கொடுத்தாலும் அதன் வயிற்றுக்கு அது விஷம்தான். அப்புறம் அந்த எண்ணெய். வாயு சேர்ந்த வயிற்று உப்புசத்தில் இடது பக்கம் மத்தளம் போல விண்ணென்று இருக்கும். எண்ணெய் அதற்குத்தான். அமிலத்துக்கு எண்ணெயால் ஒரு பலனும் இல்லை, நேரம்தான் போகும்.

ஆடு சோற்றையோ தானியத்தையோ அளவுக்கு மீறித் தின்றுவிட்டது தெரிந்தால், நோய்க்குறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மிச்சத்தை உடனே அகற்றிவிட்டு, உலர்ந்த கடலைக்கொடியோ சோளத்தட்டையோ போடுங்கள். இருபது கிலோ ஆட்டுக்கு 20 கிராம் ஆப்பச்சோடாவை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, தலையை அதிகம் தூக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டலாம். படுத்துவிட்ட ஆட்டுக்குக் கைவைத்தியம் வேண்டாம், கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அழையுங்கள். தம்பியின் ஆடுகளில் இரண்டு, டாக்டர் வந்து நரம்பில் மருந்து ஏற்றியதால் பிழைத்தன. எண்ணெய் அதிகம் குடித்தது போய்விட்டது.

தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்த அடர்தீவனமே கூடாது என்று சொல்லவில்லை. வளர்ந்த ஆட்டுக்கு நாளுக்கு 200 முதல் 300 கிராம் போதும். அதையும் ஒரு கைப்பிடியில் தொடங்கிப் பத்துப் பதினைந்து நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். தீவனம் திடீரென்று மாறினால் துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோயும் வரும். அதில் கொழுகொழுவென்று இருக்கும் குட்டிதான் முதலில் சாகும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும்.

பனி காயும் முன் மேய்ச்சல்

குடற்புழுவின் இளம்புழுக்கள் ஈரத்தைப் பிடித்துக்கொண்டுதான் புல் நுனிக்கு ஏறும். வெயில் ஏறிய பிறகு பட்டியைத் திறங்கள்.

சீம்பாலைத் தள்ளிப்போடுவது

பிறந்த குட்டிக்குச் சீம்பால் கொடுக்க, தாய்க்கு நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருக்க வேண்டாம்.

வெள்ளாட்டுத் தாது உப்பு செம்மறிக்கு

இரண்டையும் ஒரே பட்டியில் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. வெள்ளாட்டுக்குச் செம்புச்சத்து கூடுதலாக வேண்டும், செம்மறி அதைத் தாங்காது. கல்லீரலில் மாதக்கணக்கில் சேர்ந்து, ஒரு நாள் சிவந்த மூத்திரம் போய் ஆடு விழும். செம்மறிக்கென்றே கேட்டு வாங்குங்கள்.

சொந்தக் கிடாவையே வைத்திருப்பது

தனக்குப் பிறந்த பெட்டைகளோடே அது சேர்ந்துவிடாமல் இருக்க, கிடாவை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

வெள்ளைக்கழிச்சல் வந்த பிறகு ஊசி

கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு பச்சையும் வெள்ளையுமாகக் கழிய ஆரம்பித்த பிறகு மருந்து தேடி ஓடுவதில் பயனில்லை. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்து ஒரு சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. மருந்தை ஐஸ் கட்டியோடுதான் கொண்டுவர வேண்டும். சட்டைப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்த மருந்தைப் போட்டுவிட்டு, "ஊசி போட்டும் செத்துருச்சு" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். நோய் கண்ட கோழியை அவசரமாகச் சந்தையில் தள்ளிவிடுவது அடுத்த ஊரின் கோழிகளையும் கொல்லும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சந்தை ஆட்டை நேரே பட்டியில் விடுவது

சந்தையில் எந்த ஊர் ஆட்டோடு உரசி நின்றது என்று யாருக்கும் தெரியாது. ஆட்டுக்கொல்லி நோய் உடம்பில் புகுந்த ஆடு முதல் சில நாள் நன்றாகத்தான் தின்னும். அப்புறம் காய்ச்சல், மூக்கில் சளி, வாயில் புண், கழிச்சல். அதற்குள் பட்டி முழுக்கப் பரவியிருக்கும். 21 நாள் தனியே கட்டுங்கள், தண்ணீர்ச் சட்டியும் தனியாக இருக்கட்டும். எட்டயபுரம் சந்தையில் வாங்கிய கன்னி என்ற ஆட்டு இனத்தின் இரண்டு குட்டிகள் இப்போது எங்கள் கிணற்றோர வேப்பமரத்தடியில் நிற்கின்றன. பட்டியைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருக்கின்றன. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.