பிரிட்டனில் பாலியல் நல கிளினிக்: தயங்காமல் போகலாம்

பிரிட்டனுக்குப் புதிதாக வருபவர்கள் வாடகை வீடு, வங்கிக் கணக்கு, ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிவு எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். கருத்தடை பற்றியோ பால்வினை நோய்ப் பரிசோதனை பற்றியோ கேட்கத்தான் கூச்சம். கூச்சத்தில் நாட்கள் ஓடிவிடுகின்றன. இந்த விஷயத்தில் சில நேரம் ஒரு நாள் தள்ளிப்போனாலே வழி அடைபட்டுவிடும்.

என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் பாலியல் நல கிளினிக்குகளில் கருத்தடையும், பால்வினை நோய்க்கான பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். மாணவர் விசாவோ வேலை விசாவோ, விசா முடிந்தே போயிருந்தாலும் சரி, காசு கேட்க மாட்டார்கள். ஜி.பி. கடிதமும் வேண்டாம். கல்யாணம் ஆகிவிட்டதா என்று யாரும் குடைய மாட்டார்கள்.

பலருக்கும் பெரிய பயம், வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான். நீங்கள் சொல்வது உங்கள் சம்மதம் இல்லாமல் கணவருக்கோ பெற்றோருக்கோ போகாது, ஜி.பி.க்கும் போகாது. யாருக்காவது கடுமையான ஆபத்து இருந்தால் மட்டுமே விதிவிலக்கு. ஆங்கிலம் தடுமாறினால், முன்பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. நம் சமூகம் சின்னது, தெரிந்த முகம் வந்துவிடுமோ என்று தோன்றினால் தொலைபேசி வழியாக ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கணவரையோ நாத்தனாரையோ மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள். அவர்கள் முன்னால் உண்மையைச் சொல்ல முடியாது. பெண் மருத்துவர் வேண்டுமென்றாலும் கேட்கலாம்.

ஆணுறை, மாத்திரை, ஊசி, கையில் தோலுக்கடியில் வைக்கும் இம்பிளான்ட், காப்பர்-டி என எல்லா முறைகளையும் விளக்குவார்கள். எது ஒத்துவரும் என்று பேசித்தான் முடிவெடுப்பார்கள். ஒன்று சரிவராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

பரிசோதனைக்குப் பெரும்பாலும் சிறுநீர் அல்லது ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரி), கொஞ்சம் ரத்தம் போதும். கிளமிடியா என்ற பால்வினை நோய் வந்த பலருக்கு அறிகுறியே இருக்காது. கவனிக்காமல் விட்டால் பின்னால் குழந்தைப்பேறுக்கே சிக்கலாகலாம். ஆன்டிபயாடிக்கில் குணமாகிவிடும் நோய் அது. பல ஊர்களில் பரிசோதனை கிட்டைத் தபாலிலேயே வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

அப்புறம், அவசரம். ஆணுறை கிழிந்தாலோ மாத்திரை மறந்தாலோ, அவசர கருத்தடை மாத்திரை உண்டு. அதில் இரண்டு வகை, ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்: உறவுக்குப் பின் ஒரு வகையை 72 மணி நேரத்துக்குள், மற்ற வகையை 120 மணி நேரத்துக்குள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். 5 நாட்களுக்குள் காப்பர்-டி வைத்துக்கொள்வது இவற்றைவிட நம்பகமானது. எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்ற பயமிருந்தால் பெப் என்ற மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கிளினிக் மூடியிருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனையின் ஏ அண்ட் இ என்ற அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கருக்கலைப்புக்கு மட்டும் விதி வேறு. கிளினிக்கில் அதற்கான இடத்துக்கு வழிகாட்டுவார்கள், ஆனால் விசாவைப் பொறுத்துக் கட்டணம் வரலாம். விசாவுக்கு விண்ணப்பித்தபோது ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணத்தைக் கட்டியவர்களுக்குப் பொதுவாக அது இலவசம்தான்.

என்.எச்.எஸ். இணையதளத்தில் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டால் பக்கத்துக் கிளினிக்கின் நேரமும் தொலைபேசி எண்ணும் வரும். சில இடங்களில் முன்பதிவு கட்டாயம் என்பதால் கிளம்பும் முன் அழைத்துவிடுங்கள்.