பல்கேரிய நவீன ஓவியக் கண்காட்சி: பார்வையாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கேரியத் தலைநகர் சோஃபியாவின் நடுவே, நகரப் பூங்காவை ஒட்டி, ஒரு காலத்தில் நகர காசினோ என்று வழங்கிய இடத்தில் 1973 முதல் சோஃபியா நகர ஓவியக்கூடம் இயங்கிவருகிறது. இது மாநகராட்சிக்கு உரியது. சில நிமிட நடையில், பழைய அரண்மனைக் கட்டடத்தில், 1948இல் நிறுவப்பட்ட தேசிய ஓவியக்கூடம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றென எண்ணிக்கொள்வதுதான் பயணியர் செய்யும் முதல் தவறு. தேசியக் கூடத்தின் நிரந்தரக் காட்சி, 2015இல் திறக்கப்பட்ட ‘குவத்ராத் 500’ என்னும் வேறொரு கட்டடத்தில் உள்ளது. நகர ஓவியக்கூடமோ பெரும்பாலும் மாறி மாறி நடக்கும் கண்காட்சிகளுக்கான இடம். ஓர் ஓவியம் அதன் தொகுப்பில் இருக்கிறது என்பதால் நீங்கள் போகும் நாளில் அது சுவரில் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. எந்தக் கண்காட்சி நடக்கிறது, அது யாருடையது, எந்தக் காலத்தைப் பற்றியது என்பதை முன்னதாகவே கேட்டறிந்துகொண்டு செல்வது நல்லது.

இதைவிடப் பெரிய தவறு பார்வையில் இருக்கிறது. பாரிஸ் என்ற ஒரே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இது பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் போல இருக்கிறது, ஆனால் இருபது ஆண்டு தாமதம்’ என்று ஒவ்வொரு ஓவியத்தையும் கடந்து போகிறவர் எதையும் பார்ப்பதில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு ஒட்டோமான் ஆட்சிக்குப் பிறகு 1878இல் விடுதலை பெற்ற நாடு அது. அரசு ஓவியப் பள்ளி 1896இல்தான் தொடங்கியது. இவான் மர்க்விச்கா போன்ற செக் நாட்டு ஓவியர்கள் அதன் தொடக்கத்தில் முக்கியப் பங்காற்றினார்கள். அதற்குப் பின் கால் நூற்றாண்டுகூட முடியாத நிலையில், 1919இல், ‘மண்ணின் கலை’ என்று பொருள்படும் பெயரில் கலைஞர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1920களின் ஓவியர் பலர் தேவாலயங்களின் ஐகான் என்னும் திருவுருவ ஓவியங்களையும், கிராமத்துப் பூத்தையலையும், மரச் செதுக்கலையும் திரும்பிப் பார்த்து, அவற்றிலிருந்து தங்கள் நவீன மொழியை உருவாக்கிக்கொண்டார்கள். வெளிநாட்டுத் தாக்கம் இல்லாமலில்லை. வேரா நெட்கோவா வியன்னாவிலும், பெஞ்சோ ஒப்ரெஷ்கோவ் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஆஸ்திரிய ஓவியர் கொக்கோஷ்காவிடமும் பயின்றவர்கள். ஆனால் வந்த தாக்கம் எந்த மண்ணில் விழுந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஓவியம் விளங்கும்.

‘மாய்ஸ்தோரா’, அதாவது ‘ஆசான்’, என்று மக்கள் அழைக்கும் விளாதிமிர் திமித்ரோவின் (1882-1960) பெண் உருவங்களில் ஒன்றை அருகில் நின்று பாருங்கள். கிராமத்துப் பெண் ஒருத்தி நேர் எதிரே நம்மைப் பார்க்கிறாள். தலையைச் சுற்றிப் பூக்களும் ஆப்பிள்களும் நெருக்கியடித்து நிற்கின்றன. பின்னணி பின்னால் போகவே இல்லை. பூவும் முகமும் ஒரே தளத்தில் இருக்கின்றன. ‘தொலைவு காட்டத் தெரியவில்லை’ என்று இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. திமித்ரோவ் முறையாகக் கல்வி பெற்றவர், போர்முனை ஓவியராகவும் பணியாற்றியவர். அவருடைய கோட்டோவியங்களைப் பார்த்த எவரும் அவர் கைத்திறனை ஐயுறமாட்டார்கள். ஐகானில் மரியன்னைக்குப் பின்னே பொன்தளம் செய்கிற வேலையை இங்கே ஆப்பிள் மரம் செய்கிறது. வயலில் உழைக்கும் பெண்ணுக்கு அந்த இடத்தைக் கொடுத்தது அவர் தெரிந்தே எடுத்த முடிவு.

ஓவியத்தின் அருகிலுள்ள குறிப்பட்டையில் ஆண்டைப் படிக்காமல் விடுவதும் பெரும் இழப்பே. ஸ்லாத்யு போயாஜியெவின் (1903-1976) 1940களின் ஓவியங்கள் அமைதியானவை. மேய்ப்பர்களும் மந்தைகளும் நிறைந்த அகன்ற காட்சிகள், அளந்து வைத்த உருவங்கள். 1951இல் அவருக்குப் பக்கவாதம் வந்து வலக்கை செயலிழந்தது. இடக்கையால் வரையப் பழகி, மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வரைந்தார். பின்னாளைய ஓவியங்களில் வண்ணம் கனமாக அப்பியிருக்கும், கோடுகள் கரடாக ஓடும், உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று முட்டி மோதும். ஆண்டு தெரியாதவர் இவை இரண்டு ஓவியர்களுடையவை என்றே சொல்வார். தெரிந்தவருக்கோ, இரண்டாம் கையின் வரம்பிலிருந்தே ஒரு புதிய வேகம் பிறந்தது கண்முன் தெரியும். என்னை மிகவும் உலுக்கியவை அந்தப் பிற்கால ஓவியங்களே.

1944 முதல் 1989 வரையிலான பொதுவுடைமை ஆட்சிக் காலத்தை ‘எல்லாம் பிரசாரம்’ என்று ஒரே சொல்லில் தள்ளுவதும் தவறு. அக்காலத்தில், குறிப்பாக முதல் பத்தாண்டில், உழைப்பாளர் வாழ்வையும் கட்சியின் இலட்சியத்தையும் போற்றி எளிதில் புரியும்படி வரையும் சோஷலிச யதார்த்தவாதமே கட்டளையாக இருந்தது. அதற்கு அடங்காதவர்கள், கருத்தைவிட வடிவத்தையே பெரிதாகக் கொள்பவர்கள் என்ற பொருளில், ‘வடிவவாதிகள்’ என்று கண்டிக்கப்பட்டார்கள். அந்தக் கண்டனம் எதிரணியினரோடு நிற்கவுமில்லை. கேலிச்சித்திரக்காரர் அலெக்சாந்தர் ஜெந்தோவ் உறுதியான இடதுசாரி. கலையை அதிகாரிகள் ஆட்டிவைப்பதை எதிர்த்ததற்காக அவரையே 1950இல் கட்சியிலிருந்து நீக்கினார்கள். ஆகவே 1950 என்ற ஆண்டைக் கண்டதும் முகம் திருப்பாமல், அந்த ஓவியம் பொது மண்டபத்துக்காக வரையப்பட்டதா, வீட்டுக்குள் தனக்காக வரையப்பட்டதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பழம், குவளை போன்ற அசையாப் பொருள்களை வரைந்த ஒரு நிலைப்பொருள் ஓவியமோ நண்பரின் முகமோ அங்கே வேறு எடை பெறுகிறது.

கூடத்தில் வெளிச்சம் போதவில்லை என்று பணியாளரிடம் குறைபடுவோரையும் காணலாம். முப்பது வயதைக்கூட எட்டாமல் 1927இல் மறைந்த இவான் மிலெவ், தம் புகழ்பெற்ற படங்களைக் காகிதத்தில், நீரில் கரையும் ஒளிபுகா வண்ணமான கௌவாஷாலும், முட்டைக்கரு போன்ற பசை கலந்த டெம்பரா வண்ணத்தாலும் வரைந்தவர். காகிதப் படைப்புகளுக்குச் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சமே பாதுகாப்பானது என்பது அருங்காட்சியகங்களின் பொது நடைமுறை. அதற்கு மேல் போனால் நிறம் வெளுக்கும். கண் மங்கல் ஒளிக்குப் பழகும்வரை இரண்டு நிமிடம் பொறுத்தால், அவற்றின் அலங்காரக் கோடுகள் தாமே எழுந்து வரும்.

பெயர்களிலும் தடுமாற்றம் நேரும். ‘-ஓவா’, ‘-எவா’ என முடிவது பெண்ணின் குடும்பப் பெயர். ஸ்லாத்யு போயாஜியெவ் வேறு, பொருள்களை ஓர் இடத்தில் அடுக்கி அமைத்தே படைப்பாக்கும் அமைப்புக் கலையில் இன்று அறியப்படும் லுச்செசார் போயாஜியெவ் வேறு. சிரில்லிக் எழுத்தில் ஆங்கில எச் போலத் தோன்றுவதற்கு ‘ந’ ஒலி, சி போலத் தோன்றுவதற்கு ‘ஸ’ ஒலி. இந்த இரண்டை அறிந்திருந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

படம் எடுக்கலாமா என்று பணியாளரைக் கேட்கும்போது இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பல்கேரியர் வழக்கத்தில் தலையை இருபுறமும் அசைப்பது ‘ஆம்’ என்பதாகும். மேலும் கீழும் ஆட்டுவது ‘இல்லை’ என்பதாகும். வெளிநாட்டாருக்காக அதை மாற்றிச் செய்பவர்களும் இருப்பதால், தலையைப் பாராமல் சொல்லைக் கேளுங்கள்: ‘தா’ என்றால் எடுக்கலாம், ‘நே’ என்றால் கூடாது.