விலை கூடிய வேப் வாங்குவது காசுக்குத் தகுமா? கணக்குப் போடும் முறை

துபாயிலும் அபுதாபியிலும் வேலை பார்க்கும் நம் குமரி மாவட்டத்துக்காரர்கள் சிகரெட்டை விட நினைக்கும்போது கடைக் கண்ணாடிக்குப் பின்னால் முதலில் கண்ணில் படுவது விலை வித்தியாசம்தான். ஒரு வேப் (மின்-சிகரெட்) எண்பது திர்ஹம் என்றால் பக்கத்தில் இருப்பது எண்ணூறு திர்ஹம். இரண்டிலும் வருவது ஆவிதான். பத்து மடங்கு காசுக்கு என்ன கூடுதலாகக் கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டு பர்ஸைத் திறப்பது நல்லது. சிகரெட்டோ பீடியோ பிடித்துப் பழகாதவர் இந்தக் கணக்குக்குள் வரவே வேண்டாம். அவருக்கு எந்த விலையும் நட்டம்தான், நிக்கோட்டின் அடிமைத்தனத்தைப் புதிதாக விலைக்கு வாங்குகிறார்.

ஊருக்குக் கொண்டுவர முடியாது

விலையைப் பார்க்கும் முன் சட்டத்தைப் பார்க்க வேண்டும், பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும். தமிழ்நாட்டில் 2018 செப்டம்பரிலேயே தடை வந்தது. 2019-இல் மத்திய அரசு மின்-சிகரெட் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்வது, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாமே இதில் அடங்கும். முதல் தடவை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் என்றால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். சரக்கைச் சேமித்து வைக்க இடம் கொடுப்பவருக்கும் தனியாகத் தண்டனை உண்டு.

பலர் கவனிக்காத ஒரு சொல் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. முழுப் பொருளாக இருந்தாலும் சரி, அதன் எந்தப் பாகமாக இருந்தாலும் சரி, தடை உண்டு. ஆகவே திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கும்போது பெட்டிக்குள் இருப்பது மோட் (பெரிய வகை வேப்பின் உடம்பு) என்றாலும், அஞ்சு காயில் (ஆவி உண்டாக்கும் கம்பிச் சுருள்) உள்ள சின்ன டப்பா என்றாலும் ஒரே கதைதான். கார்கோவில் மிட்டாய், சோப்போடு சேர்த்துப் போட்டுவிடலாம் என்பதும் இறக்குமதிதான். ஊரில் காயிலை முறையாக வாங்க வழி இல்லை. காயில் இல்லாத எண்ணூறு திர்ஹம் மோட், அலமாரியில் கிடக்கும் ஒரு கனத்த பேப்பர் வெயிட். ஓராண்டுக்குள் விசா முடித்துத் திரும்புகிறவர் விலை கூடியதை வாங்கினால் அந்தக் காசைக் கடலில் போட்ட மாதிரி.

நாட்டுக்கு நாடு சட்டமும் மாறும். அமீரகத்தில் 2019 முதல் விற்பனைக்கு அனுமதி உண்டு. கத்தாரிலும் சிங்கப்பூரிலும் தாய்லாந்திலும் தடை. சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் அடுத்த துறைமுகம் எது என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் வாங்க வேண்டும்.

கொடுக்கும் காசு எங்கே போகிறது

வேப்பில் நான்கு பகுதி: மின்கலம், அதைக் கட்டுப்படுத்தும் போர்டு, நிக்கோட்டின் கலந்த லிக்விட் நிற்கும் டேங்க் அல்லது பாட் (சின்ன வேப்பில் கழற்றி மாட்டும் கூடு), அதற்குள் காயில். காயில் என்பது பஞ்சைச் சுற்றிய ஒரு கம்பிச் சுருள். பஞ்சு லிக்விடை உறிஞ்சும், கம்பி சூடாகும், ஆவி வரும். சுவை, தொண்டையில் படும் காட்டம், கரிந்த வாடை, எல்லாம் அந்தப் பஞ்சிலும் கம்பியிலும்தான் தீர்மானமாகிறது. அது மாற்றிப் போடும் பாகம், ஒன்று முதல் இரண்டு வாரம் உழைக்கும். விலை கூடிய மோட் வாங்கினாலும் பழைய காயிலைப் போட்டால் வருவது பழைய காயிலின் சுவைதான்.

கூடுதல் காசு போவது மூன்று இடத்துக்கு. ஒன்று, உடம்பு: துத்தநாகக் கலவை, அலுமினியம், பதப்படுத்திய மரம், ரெசின், தோல் உறை. இது அழகு, அவ்வளவுதான். இரண்டாவது போர்டு. இதில் உண்மையான வித்தியாசம் உண்டு. நல்ல போர்டு மின்கலம் இறங்க இறங்கவும் கேட்ட வாட்டையே கொடுக்கும், காயிலின் மின்தடையை நூறில் ஒரு பங்கு ஓம் வரை சரியாகப் படிக்கும், ஷார்ட் ஆனால் உடனே நிற்கும், வெப்பக் கட்டுப்பாடும் ஒழுங்காக வேலை செய்யும். அந்த வெப்பக் கட்டுப்பாட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. அது நிக்கல், டைட்டானியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளில்தான் நடக்கும். கான்தல் என்ற கலவை உலோகக் கம்பியின் மின்தடை சூட்டில் பெரிதாக மாறாது, அதனால் அதில் நடக்காது. கடையில் விற்கும் ஆயத்தக் காயில்களில் கான்தலும் அதுபோன்ற கலவைகளும் நிறைய. அப்படியென்றால் காசு கொடுத்து வாங்கிய அந்த வசதி மெனுவிலேயே தூங்கும். கம்பி வாங்கித் தானே காயில் சுற்றுகிறவருக்கு மட்டும்தான் அது பயன்.

மூன்றாவது இடம் கழற்றி மாட்டும் மின்கலம். விலை கூடிய மோட்டுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய ஒரே பலமான வாதம் இதுதான். உள்ளேயே ஒட்டிய மின்கலம் ஒன்றிரண்டு வருடத்தில் தளரும், பிறகு மொத்தமும் குப்பை. கழற்றும் வகையில் 18650 அல்லது 21700 என்ற அளவு எண் கொண்ட மின்கலம் புதிதாக மாற்றினால் மோட் மறுபடி ஓடும்.

வாட் எண்ணைப் பார்த்து ஏமாறாமல்

பெட்டியில் 100 வாட் என்று அச்சடித்திருக்கும், உள்ளே ஒரே ஒரு 18650 போகும். இங்கே கொஞ்சம் கணக்கு. நல்ல 18650 ஒன்று தொடர்ந்து தரக்கூடியது 20 ஆம்பியர். பயன்பாட்டின்போது அதன் மின்னழுத்தம் 3.5 வோல்ட் என்று வைப்போம். போர்டின் திறன் 90 சதவீதம் என்றால், 20 × 3.5 × 0.9 = 63 வாட். அதற்கு மேல் கேட்டால் மின்கலம் தன் வரம்பைத் தாண்டுகிறது, சூடாகிறது, ஆயுள் குறைகிறது. 80 வாட்டில் பிடிக்க வேண்டுமானால் இரட்டை மின்கலம் வேண்டும், அப்போது ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 13 ஆம்பியர்தான். இரண்டையும் ஒரே நாளில் புதிதாக வாங்கி, ஜோடி பிரிக்காமல் ஒன்றாகவே சார்ஜ் போட வேண்டும்.

மின்கலத்தின் மேல் 35 ஆம்பியர், 40 ஆம்பியர் என்று மினுக்கும் உறையோடு வரும் 18650-களை நம்ப வேண்டாம். பெரும்பாலும் சாதாரண மின்கலத்துக்கு வேறு உறை போட்டது. பிளாஸ்டிக் உறை நகக்கண் அளவு கிழிந்தாலும் பயன்படுத்தக் கூடாது: உறைக்கு உள்ளே சுற்றிலும் எதிர்முனை, மேலே நேர்முனை, கிழிசல் வழியாக உலோகம் பட்டால் ஷார்ட். வெறும் மின்கலத்தைச் சாவிக்கொத்தோடு பேன்ட் பையில் போடுவதும் அதே ஆபத்துதான். நாலைந்து திர்ஹத்துக்குப் பிளாஸ்டிக் டப்பா கிடைக்கும், வாங்கிவிடுங்கள்.

பெரிய மோட் அதிகம் குடிக்கும்

கடைக்காரர் சொல்லாதது இது. 2500 மில்லி ஆம்பியர் மணி மின்கலத்தில் ஏறக்குறைய 9 வாட்-மணி ஆற்றல் உண்டு. 15 வாட்டில் மூன்று விநாடி இழுப்பு என்றால் அறுநூறு இழுப்புக்கு மேல் வரும். 60 வாட்டில் அதே மின்கலம் நூற்றைம்பது இழுப்பில் படுத்துவிடும்.

லிக்விட் கணக்கு இதைவிட மோசம். 0.8 ஓம் காயில் உள்ள சின்ன பாட் வேப்பில், மி.லி.க்கு 20 மி.கி. நிக்கோட்டின் சால்ட் போட்டால், நாளுக்கு 2.5 மி.லி. போதும் என்று வைப்போம்: 50 மி.கி. நிக்கோட்டின். அரை ஓமுக்குக் கீழான காயில் உள்ள பெரிய மோட்டில் 3 மி.கி. லிக்விடைத்தான் போட முடியும், 20 மி.கி. போட்டால் தலை சுற்றும், குமட்டும். 12 மி.லி. குடித்தாலும் 36 மி.கி.தான் வரும். அதாவது 30 மி.லி. குப்பி சின்ன பாட் வேப்பில் பன்னிரண்டு நாள் வரும், 60 மி.லி. குப்பி பெரிய மோட்டில் ஐந்து நாளில் தீரும். காயில் விலையையும் சேர்த்து மூன்று மாதத்துக்குக் கணக்குப் பாருங்கள். வேப்பின் விலை சின்னத் தொகையாகிவிடும், எரிபொருள்தான் காசைத் தின்னும். விலை கூடிய மோட் வாங்கிப் பெரிய ஆவி விடுகிறவர் லாரியை வைத்துக்கொண்டு சாயாக்கடைக்குப் போகிறவர் மாதிரி.

சிகரெட்டை விடும் நோக்கம் இருந்தால் தேவை: 12 முதல் 20 வாட், 0.6 முதல் 1.2 ஓம் காயில், காயிலை மட்டும் மாற்றக்கூடிய பாட். நடுத்தர விலையில் இவை எல்லாம் கிடைக்கும். அதற்கு மேல் கொடுக்கும் காசு கைக்கு அழகு.

கெட்டுப்போவது எப்படி, ஏன்

புதுக் காயில் போட்டவுடன் இழுத்தால் கரிந்துவிடும். பஞ்சின் துளைகளில் இரண்டு மூன்று துளி விட்டு, பிறகு டேங்கை நிரப்பி, பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். அதற்குப் பிறகு காயிலில் அச்சடித்த வாட் அளவின் கீழ் எண்ணிலிருந்து தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். ஒருமுறை பஞ்சு கரிந்தால் அந்த வாடை போகாது, காயிலைத் தூக்கிப் போட வேண்டியதுதான். காய்ந்த பஞ்சை மறுபடி மறுபடி சுட்டு இழுத்தால் லிக்விடிலுள்ள கிளிசரின் சிதைந்து அக்ரோலின் போன்ற எரிச்சலூட்டும் பொருள் உண்டாகும். தொண்டை எரிந்தால் அந்த இழுப்பை அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்தது லிக்விடின் கெட்டித்தன்மை. காய்கறிக் கிளிசரின் 70, புரொப்பிலீன் கிளைக்கால் 30 என்று உள்ளது கெட்டி. சின்ன பாட் வேப்பின் சிறு துளையில் அது இறங்காது, பஞ்சு காயும். 50-50 என்பது தண்ணி மாதிரி, பெரிய காயிலில் போட்டால் வழியும், கொடகொடவென்று சத்தம் வரும், வாய்க்குள் தெறிக்கும். அந்தச் சத்தம் வந்தால் இழுப்புக் குழாயைக் கழற்றி, டிஷ்யூவைத் திருகி உள்ளே விட்டு ஒற்றி எடுத்தால் போதும். இனிப்புச் சேர்த்த, கருத்த நிற லிக்விடுகள் காயிலில் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டிக் கரியும், இரண்டு வாரக் காயில் நாலு நாளில் போகும். ‘காயில் சரியில்லை’ என்று திட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குக் குற்றவாளி அந்த இனிப்புதான்.

கடலோர வேலைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. உப்புக் காற்றில் டேங்க் திருகும் 510 முனையிலும் மின்கல முனைகளிலும் பச்சைப் பூஞ்சை மாதிரி களிம்பு பிடிக்கும். உடனே திரையில் ஓம் எண் தாறுமாறாக ஆடும், 0.80 இருந்தது 0.95 ஆகும், அல்லது காயில் இல்லை என்று காட்டும். மின்கலத்தைக் கழற்றிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்ட வேண்டும். எண்ணூறு திர்ஹம் மோட்டுக்கும் இதே உப்புதான், இதே களிம்புதான். வளைகுடாக் கோடையில் காருக்குள் வைத்துவிட்டுப் போவது இன்னும் மோசம்: லிக்விட் இளகிக் கசியும், மின்கலம் கெடும், சில நேரம் உப்பும். உப்பிய மின்கலத்தை எக்காரணம் கொண்டும் சார்ஜ் போடக் கூடாது.

கடையில் பார்க்க வேண்டியது

பெட்டியில் சுரண்டும் ஸ்டிக்கர் இருந்தால் அங்கேயே நின்று எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் சரிபாருங்கள். விலை கூடியதற்கும் போலி வரும். மோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள், பட்டனோ மின்கல மூடியோ கடகடத்தால் வேண்டாம். காயிலை மாட்டி, ஓம் எண் காயிலில் அச்சடித்ததோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஐந்து தடவை அழுத்தினால் பூட்டுகிறதா, பட்டனைத் தொடர்ந்து அழுத்தினால் பத்து விநாடி அளவில் தானாக நிற்கிறதா என்பதும் முக்கியம். கடைசியாக, அதே மாடலுக்கான காயில் நீங்கள் தங்கும் இடத்துக்குப் பக்கத்துக் கடையில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். காயில் கிடைக்காத மாடலுக்குத்தான் பெரும்பாலும் பாதி விலைத் தள்ளுபடி போடுவார்கள்.

லீவுக்கு வரும்போது

இரண்டு மாத லீவில் வேப் கிடையாது என்றால், பலர் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டியதும் முதல் பெட்டிக்கடையில் சிகரெட் வாங்கிவிடுகிறார்கள். அதற்குப் பதில் மருந்துக்கடையில் 2 மி.கி. நிக்கோட்டின் கம் சீட்டு இல்லாமலே கிடைக்கும். எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் தேடுகிறவருக்கு 4 மி.கி. பொருந்தும், அதற்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். இதயக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

சுயிங்கம் மாதிரி மெல்லக் கூடாது. மெதுவாக மென்று, காரமாகவோ சுருக்கென்றோ பட்டதும் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். சுருக்கு அடங்கியதும் மறுபடி சில கடி, மறுபடி ஒதுக்கல். ஒரு கம் அரை மணி நேரம் வரும். சாயாவோ காப்பியோ குடித்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் நிக்கோட்டின் உறிஞ்சப்படாது. வேகமாக மென்று விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். முதல் ஆறு வாரம் ஒன்று இரண்டு மணிக்கு ஒருமுறை, அடுத்த மூன்று வாரம் இரண்டு முதல் நாலு மணிக்கு ஒருமுறை, அதற்கடுத்த மூன்று வாரம் நாலு முதல் எட்டு மணிக்கு ஒருமுறை என்று குறைக்க வேண்டும். ஒரு நாளுக்கு 24-க்கு மேல் போகக் கூடாது. நடுவில் ஆசை மீறினால் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத எண்ணில் புகையிலையை விட உதவும் ஆலோசகர்களிடம் பேசலாம்.