தற்காப்புக்கு டார்ச் வாங்கியவர்கள் செய்யும் தவறுகள்

போன மார்கழியில் ஒரு ராத்திரி, காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்துக்குப் போகும் இட்டேரியில் நடந்து வந்துகொண்டிருந்தேன். இருபுறமும் கிளுவை வேலி. உள்ளே ஏதோ சரசரத்தது. எதிராளி கண்ணைக் கூச வைத்துத் தப்பிக்கலாம் என்று இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கிய டேக்டிக்கல் டார்ச்சை எடுத்து அமுக்கினால், மின்மினி அளவுக்கு ஒரு வெளிச்சம். முந்தின நாள் கட்டிலில் படுத்துப் படிக்கக் குறைத்து வைத்த மோடிலேயே நின்றிருந்தது. மறுபடி அமுக்கினேன், மீடியம். இன்னொரு அமுக்கு, ஹை. அதற்குள் ஒரு முயல் என் காலுக்கு முன்னால் தாவி ஓடியே போய்விட்டது. முயலாக இருந்ததால் சரி.

ஆக, முதல் தவறு ஸ்விட்சைப் பார்க்காமல் வாங்குவது. தற்காப்புக்கென்றால் வால் பக்கம் ஸ்விட்ச் இருக்க வேண்டும். அரை அமுக்கில் எரிந்து, விரலை எடுத்தால் அணைய வேண்டும். முதல் அமுக்கிலேயே முழு வெளிச்சம் வர வேண்டும். மோடுகள் சுற்றிச் சுற்றி வரும் டார்ச் மாட்டுக் கொட்டகைக்கு நல்லது, இதற்கு ஆகாது. வாங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு பையிலிருந்து எடுத்து எரிய வைத்துப் பாருங்கள். கட்டை விரல் தேடினால் வேறு பாருங்கள்.

லூமன் கணக்கில் ஏமாறுவது அடுத்தது. ஆன்லைனில் அறுநூறு ரூபாய்க்கு ஒரு லட்சம் லூமன் என்கிறார்கள். லூமன் மொத்த வெளிச்சத்தின் அளவு. எதிரில் நிற்பவன் கண்ணைக் கூச வைப்பது அது ஒரே பக்கம் எவ்வளவு குவிகிறது என்பது, அந்த அளவுக்குப் பெயர் கேண்டெலா. நன்றாகக் குவியும் 500 லூமனே இருட்டில் தாராளம். டார்ச்சுக்குள் போடும் பேட்டரி செல்லிலும் இதே கதைதான். செல் மேல் 18650 என்று இருந்தால் 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அந்த அளவுக்குள் நல்ல கம்பெனி செல்லே 3,500 எம்.ஏ.ஹெச். (செல் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) சொச்சம்தான் தரும். மேலே 9,900 என்று அச்சடித்திருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

திருப்பூரில் நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்கள் டார்ச்சைப் பைக்குள், சாப்பாட்டுப் போசிக்கும் கீழே வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அது கையில் இருக்க வேண்டும். செல்போன் லைட் போதும் என்பதும் சரியில்லை. அதன் வெளிச்சம் சிதறிப் போகும். போனை நீட்டினால் பிடுங்கிக்கொள்வான், அப்புறம் 112-ஐ எதில் கூப்பிடுவது?

எல்லாவற்றிலும் பெரிய தவறு, லைட்டை அடித்துக்கொண்டு அதே இடத்தில் நிற்பது. எங்கள் அப்புச்சி ராத்திரி மும்முனைக் கரண்ட் வரும்போது தண்ணி கட்டப் போவார். மூணு செல் பேட்டரி லைட்டை ஒருநாளும் நெஞ்சுக்கு நேரே பிடிக்க மாட்டார். கையைப் பக்கவாட்டில் நன்றாக நீட்டித்தான் அடிப்பார். கேட்டால், "லைட்டு இருக்கற எடத்துலதான் ஆளு நிக்கறான்னு நெனப்பான் சாமி" என்பார். போலீஸ் பயிற்சியிலும் இப்படிப் பிடிக்கச் சொல்லித் தரும் முறை உண்டு என்று பின்னால்தான் தெரிந்தது. எதிரில் வருபவன் முகத்தில் இரண்டு விநாடி அடிக்க வேண்டும், அணைக்க வேண்டும், அந்த இடத்தை விட்டு நகர வேண்டும். அவன் கண் தெளியச் சில விநாடி ஆகும். அந்த நேரத்தில் வெளிச்சமும் ஆளும் இருக்கும் பக்கம் ஓடுங்கள், கூப்பாடு போடுங்கள்.

உங்கள் கண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். பக்கத்து வெள்ளைச் சுவரில் முழு வெளிச்சத்தை அடித்தால் அது உங்களிடமே திரும்பி வந்து அவ்வளவும் வீணாகும். மார்கழிப் பனிமூட்டத்திலும் இப்படித்தான். படபடவென்று வெட்டும் ஸ்ட்ரோப் அதில் அடிப்பவரையே கிறங்க வைக்கும். ஸ்ட்ரோப்பை மட்டுமே நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலைதான். போதையில் வருகிறவன் அதற்காக நின்றுவிடுவான் என்று சொல்ல முடியாது. ஓடும் வண்டிக்காரர் முகத்தில் அதை அடிப்பது, விபத்தை நாமே வரவழைப்பது.

டார்ச்சின் பல் வைத்த முனையால் குத்தலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். குத்த வேண்டுமானால் அவன் கைக்கு எட்டும் தூரத்துக்கு நாம் போக வேண்டும். டார்ச் வாங்கியதே அந்தத் தூரத்தைக் காப்பாற்றத்தானே? அவனே வந்து பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றால் வேறு வழியில்லை, குத்துங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் தற்காப்பு உரிமையைத் தருகிறது. ஆனால் 37-வது பிரிவின்படி தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது. அவன் விழுந்த பிறகும் அடித்தால் வழக்கு நம் மேல் திரும்பும்.

பல்லடம், சிவகிரிப் பக்கம் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு டார்ச் வாங்கினார்கள். நாய் குரைத்ததும் அதை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வருகிறார்கள். வேண்டாம். உள்லைட்டை அணைத்துவிட்டு, தாழ்ப்பாள் போட்டபடியே, ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து அடித்துப் பாருங்கள். ஆள் தெரிந்தால் பக்கத்துத் தோட்டத்துக்கும் போலீசுக்கும் போன் போடுங்கள்.

சித்திரை வெயிலில் வண்டி பெட்டிக்குள் டார்ச்சைப் போட்டு வைக்காதீர்கள், லித்தியம் செல் சூட்டில் கெடும். பையில் தானாக எரியாமலிருக்கப் பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைப்பவர்கள் உண்டு. அப்படியானால் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்பே முறுக்கிவிடுங்கள்.