கல்லூரி ஃபுட்பால் தரவரிசை நியாயமானதா? நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் மேல்மட்டப் பிரிவில் 2025 சீசனில் 136 அணிகள் ஆடின. வழக்கமான சீசனில் ஓர் அணிக்குக் கிடைப்பது 12 ஆட்டங்கள். அவற்றில் எட்டோ ஒன்பதோ பெரும்பாலும் சொந்த கான்ஃபரன்ஸுக்குள்ளேயே (கல்லூரிகள் சேர்ந்த லீக்) போய்விடும். முதல் 25 இடங்களிலிருந்து ஏதாவது இரண்டு அணிகளை எடுத்தால், பெரும்பாலும் அவை மோதியிருக்க மாட்டா. பல நேரம் இரண்டுக்கும் பொதுவான எதிரணிகூட இருக்காது. இவ்வளவு குறைந்த தகவலை வைத்து வரிசை போடுவதால்தான் ஒவ்வொரு டிசம்பரிலும் தகராறு. ஒரு ஸ்பிரெட்ஷீட்டும் ஒரு மாலைப்பொழுதும் இருந்தால் தகராறில் எந்தப் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நீங்களே பார்த்துவிடலாம்.

கேள்வி எது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நாளைக்கு மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்பது ஒரு கேள்வி. இதுவரை ஆடியதை வைத்து யாருக்கு இடம் உரியது என்பது வேறொரு கேள்வி. பெரும்பாலான சண்டைகள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் தொடங்குகின்றன.

2023ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரிடா ஸ்டேட் 13-0 (13 வெற்றி, தோல்வி இல்லை), ஏசிசி என்ற கான்ஃபரன்ஸின் சாம்பியன். ஆனால் அதன் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் நவம்பரில் காலில் அடிபட்டு வெளியேறியிருந்தார். தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் நான்கு அணி பிளேஆஃபில் நான்காம் இடம் 12-1 அலபாமாவுக்குப் போனது. ஃப்ளோரிடா ஸ்டேட் ஐந்தாம் இடத்தில் நின்றது. முக்கிய ஆட்டக்காரர் இல்லாததைக் கணக்கில் எடுக்கலாம் என்று தேர்வுக் கமிட்டியின் நெறிமுறையிலேயே இருப்பதால் இது விதிமீறல் அல்ல. சிக்கல் வேறு: மூன்றாம் இடத்தில் டெக்சஸ் வந்ததற்குக் காரணம், அது செப்டம்பரில் அலபாமாவை அதன் சொந்த மைதானத்தில் 34-24 என்று வென்றது. ஓர் அணிக்கு நடந்து முடிந்த ஆட்டம் பேசுகிறது. இன்னோர் அணிக்கு இனி நடக்கப்போவது பேசுகிறது. ஒரே பட்டியலுக்குள் அளவுகோல் மாறினால் அந்தப் பட்டியல் நியாயமானதல்ல.

பிளேஆஃப் இடம் என்பது சம்பாதித்துப் பெற வேண்டியது. எனவே இரண்டாவது கேள்வியையே வைத்துக்கொள்வது சரி. இங்கே வரும் கணக்குகளும் அதற்கானவை. நீங்கள் முதல் கேள்வியைத் தேர்ந்தெடுத்தாலும் பரவாயில்லை. ஆனால் அணிகளின் பெயரைப் பார்ப்பதற்கு முன்பே அதை எழுதி வைத்துவிடுங்கள்.

யார் போட்ட பட்டியல்?

ஏபி (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம்) பட்டியல் 1936 முதல் வருகிறது. அறுபது சொச்சம் விளையாட்டுச் செய்தியாளர்கள் வாக்களிக்கிறார்கள். முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 24, இப்படியே இறங்கி 25ஆம் இடத்துக்கு 1. ஒரே ஒரு வாக்காளர் ஓர் அணியை ஐந்தாம் இடத்திலிருந்து பட்டியலுக்கு வெளியே தள்ளினால் 21 புள்ளிகள் போகும். பட்டியலின் கீழ்ப்பாதியில் அடுத்தடுத்த அணிகளுக்கிடையே அதைவிடக் குறைந்த இடைவெளி அடிக்கடி இருக்கும். அதனால் இடத்தை மட்டும் பார்க்காமல் புள்ளிகளையும் பாருங்கள். 18க்கும் 19க்கும் இடையே ஐந்து புள்ளிதான் வித்தியாசம் என்றால் அந்த வரிசையை வைத்து வாதாடுவதில் பொருளில்லை. யார் எப்படி வாக்களித்தார் என்பதையும் ஏபி வெளியிடுகிறது.

பயிற்சியாளர் பட்டியலில் வாக்களிப்பவர்களே போட்டியாளர்கள். பிளேஆஃப் கமிட்டியில் வழக்கமாக 13 பேர். தங்களுக்குத் தொடர்புள்ள கல்லூரியைப் பற்றிய வாக்கெடுப்பில் விலகி நிற்பார்கள். ஆனால் தனித்தனி வாக்குகள் வெளியே வராது. ஆகவே கமிட்டியைச் சோதிக்க வேண்டுமானால் வாரா வாரம் அது வெளியிடும் வரிசையும், தலைவர் சொல்லும் காரணங்களும்தான் உங்கள் கையில் இருக்கும்.

வாக்குப் பட்டியல்களில் பெரிய கோளாறு ஆகஸ்ட் மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. 2004இல் ஆட்டமே தொடங்காத நிலையில் ஏபி பட்டியலில் யுஎஸ்சி முதலிடம், ஓக்லஹோமா இரண்டாமிடம், ஆபர்ன் 17. சாம்பியன் பட்டத்துக்கான இறுதி ஆட்டத்துக்கு முன்புவரை மூன்றுமே தோற்கவில்லை. முன்னால் இருப்பவர் தோற்றால்தான் பின்னால் இருப்பவர் ஏற முடியும் என்ற பழக்கம் வாக்காளர்களிடம் இருந்ததால் ஆபர்ன் மூன்றாமிடத்தோடு நின்று, முதல் இரண்டு அணிகள் ஆடும் அந்த இறுதி ஆட்டத்துக்கு வெளியே போனது. இதைச் சோதிக்க எளிய வழி: சீசனுக்கு முந்தைய இடத்தை ஸ்பிரெட்ஷீட்டில் ஒரு பத்தியிலும் (column) இப்போதைய இடத்தை அடுத்த பத்தியிலும் எழுதி, ஒரே வெற்றி-தோல்விக் கணக்குள்ள அணிகளை மட்டும் வடிகட்டுங்கள். நவம்பரிலும் அவை ஆகஸ்ட் வரிசையிலேயே நின்றால், எதிரணிகளின் பலம் அதை நியாயப்படுத்துகிறதா என்று பாருங்கள். நியாயப்படுத்தவில்லை என்றால் பழைய பட்டியல்தான் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

உங்கள் சொந்தப் பட்டியல்

ஒப்பிடுவதற்கு ஆகஸ்ட் கருத்து எதுவும் கலக்காத ஒரு வரிசை வேண்டும். கோலி முறை அதற்குப் பொருத்தமானது. வானியற்பியலாளர் வெஸ்லி கோலி உருவாக்கியது. பிளேஆஃபுக்கு முன் இறுதி ஆட்டத்துக்கு அணிகளைத் தேர்ந்த பிசிஎஸ் முறையின் காலத்தில் (1998 முதல் 2013 சீசன் வரை) பயன்பட்ட கணினித் தரவரிசைகளில் ஒன்றாக இருந்தது. வெற்றி, தோல்வி, எதிரணி யார் என்பவை மட்டுமே இதற்குத் தேவை.

மதிப்பு = (1 + (வெற்றி − தோல்வி) ÷ 2 + எதிரணிகளின் மதிப்புகளின் கூட்டுத்தொகை) ÷ (2 + ஆடிய ஆட்டங்கள்)

எல்லா அணிக்கும் 0.5 கொடுத்துத் தொடங்குங்கள். சூத்திரத்தைப் போட்டுப் புது மதிப்புகளைப் பெறுங்கள். அவற்றை வைத்து மறுபடியும் போடுங்கள். மூன்றாம் தசம இடம் அசையாமல் நிற்கும்வரை இதைத் தொடர வேண்டும். முழு சீசனுக்கு முப்பது நாற்பது சுற்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான்கே அணிகளை வைத்துச் சரிபாருங்கள். அ, இயை வென்றது. ஆ, ஈயை வென்றது. இ, ஈயை வென்றது. முதல் சுற்றில் அ, ஆ இரண்டுக்கும் 0.667 வரும், இரண்டும் 1-0 அல்லவா. இரண்டாம் சுற்றில் ஆ 0.583க்கு இறங்கும், ஏனெனில் அது வென்ற ஈ பலவீனமானது என்று இப்போது தெரிந்துவிட்டது. கடைசியில் அ 0.661, ஆ 0.589, இ 0.482, ஈ 0.268 என்று நிற்கும். இந்த எண்கள் வந்தால் உங்கள் சூத்திரம் சரி.

முழு சீசனுக்குப் போகும்போது ஒவ்வோர் ஆட்டத்தையும் இரண்டு வரியாக எழுதுங்கள்: வென்ற அணியின் பார்வையில் ஒன்று, தோற்ற அணியின் பார்வையில் ஒன்று. எதிரணி மதிப்பை விலுக்அப் (VLOOKUP) மூலம் எடுத்து, சம்இஃப் (SUMIF) மூலம் கூட்டினால் போதும். சுற்றுக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் வட்டச் சார்புப் பிழை வராது. மதிப்புகள் நிலைபெற்ற பிறகு அனைத்தின் சராசரியும் 0.5 ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏதோ ஓர் ஆட்டம் ஒரு பக்கம் மட்டும் பதிவாகியிருக்கிறது. இன்னொரு பொறி, பெயர்கள். ஃப்ளோரிடாவில் ஒரு மயாமி, ஒஹாயோவில் ஒரு மயாமி. இரண்டையும் கலந்துவிட்டால் இரண்டு கான்ஃபரன்ஸ்களின் மதிப்புகளும் கெட்டுப்போகும்.

கீழ்ப்பிரிவான எஃப்சிஎஸ் அணிகளோடு ஆடியவற்றை என்ன செய்வது? தூக்கிப் போட்டால் அங்கே தோற்ற அணி தப்பித்துக்கொள்ளும். 2007இல் ஐந்தாமிடத்தில் இருந்த மிச்சிகன் 34-32 என்று தோற்றது எஃப்சிஎஸ் அணியான அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம்தான். எல்லா எஃப்சிஎஸ் அணிகளையும் ஒரே அணியாகப் பாவித்தால், அங்குள்ள சாம்பியனும் கடைசி அணியும் ஒன்றாகிவிடுவார்கள். பலத்துக்கு ஏற்ப மூன்று நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஓர் அணியாக எழுதுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஐந்தாறு வாரம் கழியும்வரை இந்தப் பட்டியலை நம்பாதீர்கள். கான்ஃபரன்ஸ்களுக்கிடையே போதுமான ஆட்டங்கள் நடக்காதவரை வரும் எண்கள் வெறும் ஊகமே.

வித்தியாசப் புள்ளிகளைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். அடுத்த ஆட்டத்தைக் கணிக்க அது உதவும். உரிமையைத் தீர்மானிக்கச் சேர்த்தால், ஜெயித்த ஆட்டத்திலும் பலவீனமான அணியைப் போட்டு அடிப்பதற்குப் பரிசு கொடுப்பதாகிவிடும். 2002 முதல் பிசிஎஸ் கணினிகளிலிருந்து அதை நீக்கியது இந்தக் காரணத்தால்தான். சேர்த்தே தீர வேண்டுமென்றால் 24 புள்ளியோடு நிறுத்துங்கள்.

அட்டவணைக்கு எதிராகக் கணக்கு

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. 11-1 பெரிதா, 10-2 பெரிதா என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வது இது ஒன்றுதான். தரவரிசையில் பன்னிரண்டாவது இடத்துக்கு ஏற்ற ஓர் அணியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நீங்கள் சோதிக்கும் அணியின் ஆட்ட அட்டவணையை அந்தக் கற்பனை அணி ஆடியிருந்தால் எத்தனை ஆட்டம் ஜெயித்திருக்கும்?

தொடங்குவதற்கு இந்த வாய்ப்புகளை வைத்துக்கொள்ளலாம். முதல் 10க்குள் உள்ள எதிரணி: சொந்த மைதானத்தில் 0.50, வெளியூரில் 0.35. 11 முதல் 25 வரை: 0.60, 0.48. 26 முதல் 60 வரை: 0.78, 0.68. 61 முதல் 100 வரை: 0.92, 0.87. அதற்குக் கீழே 0.97, 0.95. எஃப்சிஎஸ் 0.99. பொது மைதானம் என்றால் இரண்டின் நடு. எதிரணியின் இடத்தை உங்கள் கோலி பட்டியலிலிருந்து எடுங்கள். சோதிக்கப்படும் பட்டியலிலிருந்து எடுத்தால் அதன் சாய்வும் கூடவே வந்துவிடும்.

உதாரணத்துக்கு இரண்டு அணிகள். முதல் அணி ஆடியது: முதல் 10இல் உள்ளவர்களோடு உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று, 11-25இல் அதேபோல் ஒவ்வொன்று, 26-60இல் இரண்டிரண்டு, 61-100இல் உள்ளூரில் இரண்டு, வெளியூரில் ஒன்று, எஃப்சிஎஸ் ஒன்று. கூட்டினால் 8.55. அந்த அணி 10-2 என்றால் எதிர்பார்ப்பைவிட 1.45 கூடுதல்.

இரண்டாவது அணி: 11-25இல் உள்ளூரில் ஒன்று, 26-60இல் இரண்டிரண்டு, 61-100இல் மும்மூன்று, எஃப்சிஎஸ் ஒன்று. கூட்டினால் 9.88. அது 11-1 என்றால் 1.12 கூடுதல். ஆக 10-2 அணி முன்னால் வருகிறது. ஆனால் இரண்டாவது அணி 12-0 ஆக இருந்தால் 2.12, அப்போது அது தெளிவாக மேலே. அட்டவணை வித்தியாசம் ஒரு தோல்வியை ஈடுகட்டுகிறது, இரண்டை ஈடுகட்டவில்லை. "எங்கள் கான்ஃபரன்ஸ் கடினம்" என்ற வாதத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று இப்படி எண்ணாகவே காட்டிவிடலாம்.

வாய்ப்புகளை 0.05 ஏற்றியும் (1ஐத் தாண்டாமல்) இறக்கியும் மறுபடி போடுங்கள். வரிசை புரண்டால் அந்த இரண்டு அணிகளும் சமம் என்றே எழுதுங்கள்.

பெயரை மறைத்தல்

இதே தகவலை வேறொருவரிடம் கொடுத்து, அணியின் பெயர், கான்ஃபரன்ஸ், பயிற்சியாளர், ஆகஸ்ட் இடம் எல்லாவற்றையும் நீக்கித் தரச் சொல்லுங்கள். எதிரணிகளின் பெயருக்குப் பதில் அவற்றின் கோலி இடம் மட்டும் இருக்கட்டும். பெயரில்லாமல் நீங்கள் போட்ட வரிசையும் பெயரோடு போட்ட வரிசையும் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கேதான் புகழ் உள்ளே புகுந்திருக்கிறது.

வாரா வாரம் ஒத்துப்போகிறதா?

பட்டியலில் ஓர் அணி நகர்ந்தால், அதற்கான காரணம் அந்த வாரம் நடந்த ஆட்டங்களில் இருக்க வேண்டும். 2014இல் டிசியு மூன்றாமிடத்தில் இருந்து, கடைசி ஆட்டத்தை 55-3 என்று வென்று, ஆறாமிடத்துக்கு இறங்கியது. அதே நாளில் ஒஹாயோ ஸ்டேட் 59-0 என்று விஸ்கான்சினை வென்றதும், டிசியுவை 61-58 என்று முன்பே வென்றிருந்த பெய்லர் ஏறியதும் விளக்கத்தில் சேரும். ஆனால் அந்த 61-58 அக்டோபரிலேயே நடந்தது. முந்தைய வாரமும் அது கையில் இருந்ததுதானே?

2025இல் இதுவே வேறு வடிவில் வந்தது. சீசனின் முதல் வார இறுதியில் மயாமி நோட்டர் டேமை 27-24 என்று வென்றிருந்தது. இரண்டும் 10-2 என முடித்தன. கமிட்டியோ நவம்பர் முழுவதும் நோட்டர் டேமை மேலே வைத்திருந்து, இரண்டுமே ஆடாத கடைசி வாரத்தில் மயாமியை மேலே மாற்றியது. இறுதி வரிசை சரி என்பது என் கருத்து. அதை அடைந்த விதம்தான் தவறு. நேரடி வெற்றி கணக்கில் வரும் என்றால் இரண்டும் ஒப்பிடத்தக்கவையாக ஆன நாளிலிருந்து வந்திருக்க வேண்டும்.

நேரடி வெற்றியை எப்போதும் கடைசி வார்த்தையாகக் கொள்ளவும் முடியாது. 2008இல் பிக் 12 கான்ஃபரன்ஸில் டெக்சஸ் ஓக்லஹோமாவை 45-35 என்றும், டெக்சஸ் டெக் டெக்சஸை 39-33 என்றும், ஓக்லஹோமா டெக்சஸ் டெக்கை 65-21 என்றும் வென்றன. எப்படி வரிசைப்படுத்தினாலும் ஒரு முடிவு மீறப்படும். இப்படிப்பட்ட வட்டம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, இல்லாதபோது மட்டும் நேரடி வெற்றியைச் சமநிலை உடைக்கப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, குறை தரவரிசையிலா, அதைப் பயன்படுத்தும் விதியிலா என்று பிரித்துப் பாருங்கள். 2024இல் பிளேஆஃப் 12 அணியாக விரிந்தபோது, முதல் சுற்றைத் தாண்டி நேராகக் காலிறுதிக்குப் போகும் நான்கு இடங்களும் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கே என்று விதி இருந்தது. ஒன்பதாமிடத்தில் இருந்த பாய்சி ஸ்டேட்டுக்கு மூன்றாம் வரிசை எண்ணும், பன்னிரண்டாமிடத்தில் இருந்த அரிசோனா ஸ்டேட்டுக்கு நான்காம் எண்ணும் கிடைத்தன. மூன்றாமிடத்து டெக்சஸ் ஐந்தாம் எண்ணோடு முதல் சுற்றை ஆட வேண்டியிருந்தது. அதற்காகப் பட்டியலைக் குறை சொன்னவர்கள் தவறான இடத்தில் விரல் வைத்தார்கள். 2025இல் அந்த விதியை எடுத்துவிட்டு, தரவரிசைப்படியே எண் கொடுத்தார்கள்.